ஏழு ஆண்டும் ஒரு போட்டோவும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. மூன்றாவது சாதனை, எங்கள் வணிகத் துறை பக்கத்து நாட்டோடு செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். ஏழு ஆண்டுகள், நாற்பத்தொரு கூட்டங்கள். கையெழுத்து மேஜையில் கோப்புகளை வைக்கும் மகத்தான பொறுப்பு அடியேனுடையது.

ஒவ்வொரு நாடும் வரியில்லாமல் அனுப்பப்போகும் சரக்குகள் அதனதன் கோப்பில் இருந்தன. அவர்கள் கோப்பில் முதல் சரக்கு விமான இன்ஜின். எங்கள் கோப்பில் பன்னிரண்டாவது சரக்கு பூட்டு. என் தங்கை கணவர் பூட்டுப் பட்டறை நடத்துகிறார். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்.

"மச்சான், பூட்டு நிச்சயமா இருக்கா? கடன் வாங்கி ரெண்டு மிஷின் போடலாம்னு இருக்கேன்."

"என் கையால வைக்கப்போற ஃபைல், மாப்பிள்ளை. தைரியமா போடுங்க."

கையெழுத்து நாளன்று ஒரு 'ராஜதந்திர' நெருக்கடி. ஜன்னல் வெயில் எங்கள் அமைச்சரின் வழுக்கையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. போட்டோகிராபர் இரண்டு அமைச்சர்களையும் இடம் மாறி உட்காரச் சொன்னார். மாறினார்கள். கோப்புகள் மாறவில்லை. பின்னால் நின்ற நான் இடத்தை விட்டு நகர்ந்து மாற்றியிருக்கலாம். ஆனால் படத்தில் விழமாட்டேனே! அமைச்சர்கள் ஒரு எழுத்தும் படிக்காமல் கையெழுத்திட்டார்கள். பரஸ்பர நம்பிக்கை என்றால் இதுவல்லவா!

இப்போது விமான இன்ஜினை வரியில்லாமல் அனுப்பும் உரிமை எங்களுக்கு. அதைச் செய்யத்தான் தெரியாது. பூட்டு அனுப்பும் உரிமை அவர்களுக்கு. மறுநாள் துறை இயக்குநரிடம் விஷயத்தை மெல்லச் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டாத்தான்யா அது தப்பு," என்றார். "இல்லேன்னா அதுக்குப் பேரு கொள்கை."

எனக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்.

மூன்றே மாதத்தில் கடைத்தெரு முழுக்க அவர்கள் பூட்டு, பாதி விலைக்கு. மாப்பிள்ளையின் மிஷின்களோடு செய்து வைத்திருந்த பூட்டுகளையும் கடன்காரர்கள் அள்ளிப்போனார்கள். காலிப் பட்டறையைப் பூட்டக்கூட ஒரு பூட்டில்லை. நான்தான் தெருமுனையில் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல பூட்டு மச்சான்," என்றார்.

சுவரில் கையெழுத்து நாளன்று நான் விழுந்த போட்டோ, கண்ணாடிச் சட்டத்தில். உறவுக்காரன் சரித்திரத்தில் இடம்பிடித்த பெருமையில் அவரே மாட்டியது. தங்கை அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேண்ணா. எல்லாரும் கேமராவைப் பாத்துச் சிரிக்கிறாங்க. நீ மட்டும் ஏன் அந்த ஃபைலையே பாத்துட்டு நிக்கிற?"