மாதிரிக்கு இருபது

ஓசூருக்குப் போன பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. எல்லாம் ஸ்விட்ச் போர்டு மூடிகள், பளபளக்கும் கறுப்பு. பத்துக்கு ஒன்றில் கீறல்.

“என்ன நாகேஷ் இது?” என்றார் மேனேஜர் ப்ரஹ்லாத். “செக் பண்ணி ஓகே போட்டது நீதானே?”

“பெட்டிக்கு இருபது எடுத்துப் பாத்தேன் சார். ஒண்ணுல கூடக் கீறல் இல்ல.”

“இருநூறுல இருபது. எங்கருந்து எடுத்தே?”

“மேலருந்து.”

“மேல இருக்கறது நல்லாத்தான் இருக்கும். நீ மார்க்கெட்ல தக்காளியே வாங்கினதில்லையா?”

நாகேஷின் முகம் சுருங்கியது. ஹெப்பகோடித் தொழிற்சாலையில் அவன் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான். அதற்காகவே அவன் மனைவி யசோதா சிவாஜிநகரில் ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கி மாட்டிவிட்டிருந்தாள். விரலுக்குக் கொஞ்சம் பெரிய மோதிரம். கல் உள்பக்கம் சரியும்போதெல்லாம் நேராக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

அடுத்த வாரம் ஃபோனில் எண்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தான். மேல், நடு, அடி, எல்லா அடுக்கிலிருந்தும் பெட்டிக்கு ஐம்பது. ஒவ்வொரு மூடியையும் முன்பக்கம் பார்த்தான், உள்ளங்கையில் கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தான், எடுத்த இடத்திலேயே வைத்தான். ஐம்பதும் சுத்தம்.

அந்தப் பெட்டிகளும் திரும்பி வந்தன. இப்போது நாலுக்கு ஒன்றில் கீறல்.

“அவங்க பொய் சொல்றாங்க சார்.”

ப்ரஹ்லாத் ஒரு மூடியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். மயிரிழை போல வெள்ளைக் கோடு. “இதுவும் பொய்யா?”

“அப்ப நான் பாத்ததுக்கு அப்புறம்தான் விழுந்திருக்கணும். பேக்கிங்ல.”

பேக்கிங் ரூபினியின் குழு. ஆறு பெண்கள்.

“நாளையிலருந்து எல்லாரும் கிளவுஸ் போடணும்,” என்றான் நாகேஷ்.

“டேப் கையோட ஒட்டிக்கும் சார்.”

“ஒட்டட்டும்.”

“நீங்க போடலியா?”

“நான் செக்கிங்மா.”

பெட்டியைவிட அதிகமான டேப் கிளவுஸில் ஒட்டியது. ஒருத்தி தன்னையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு, பெட்டியோடு லாரி வரை போய் வந்தாள்.

மாதிரி எடுக்கும் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தான் நாகேஷ். அந்த வாரம் முழுக்க ஒன்று விடாமல் இருநூறையும் பார்த்தான். விரல்கள் மரத்துப்போயின. சனிக்கிழமை மட்டும் அரை நாள் லீவு. சனீஸ்வரனுக்கு விளக்குப் போட யசோதா இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு பெட்டிகள் அவன் பார்க்காமலே லாரி ஏறின.

நாற்பது பெட்டி போனது. முப்பத்தாறு திரும்பி வந்தது. ஒரு மூடிகூடத் தப்பவில்லை.

“மிச்சம் நாலு எப்படிப்பா தப்பிச்சுது?”

“தற்செயல் சார். நாப்பதுல நாலு. கணக்குல சேக்க வேணாம்.”

“ரிப்போர்ட் சாயந்திரம் வேணும். தப்பு பேக்கிங்குதுன்னா அவங்க வீட்டுக்குப் போவாங்க. இல்லைன்னா நீ போவே.”

ஃபோனில் யசோதா குதூகலித்தாள். “நாலு பெட்டியாவது தப்பிச்சுதே! வெளக்கு வேல செஞ்சிருக்கு. மோதிரத்த மட்டும் கழட்டிடாதீங்க.”

நாகேஷ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தான். ‘காரணம்: பேக்கிங் குழுவின் கவனக்குறைவு. பரிந்துரை: ஆறு பேரையும் நீக்கலாம்.’

கையெழுத்துதான் பாக்கி. ரூபினி உள்ளே வந்தாள். கையில் ஒரு மூடி.

“இப்பதான் மெஷின்லருந்து வந்துச்சு சார். எங்க ஆளுங்க யாரும் தொடல. பாருங்க.”

எரிச்சலோடு வாங்கினான். முன்பக்கம் பார்த்தான், உள்ளங்கையில் கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தான்.

“சுத்தம். இதுக்கென்ன இப்ப?”

அவள் அதைத் திரும்ப வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். முன்பக்கத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடு.

“கையெழுத்துப் போடுங்க சார்,” என்றாள் ரூபினி. “மோதிரத்தக் கழட்டிட்டுப் போடுங்க.”