ரப்பர் பிரேக் கட்டியவன் நான்தான்

மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ரெங்கத்தில் நாலு தகரத்தை வைத்துப் பட்டறை போட்டேன். குளுவாங்கில் இன்னொன்று. ஜொகூர் பாருவில் மூன்றாவது, அது மாடி வைத்தது. பதினோரு லோரி ஓட்டினேன். ஒன்றுகூடப் புதிது இல்லை. மற்றவன் செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டதையெல்லாம் நான் எழுப்பி நிற்க வைத்தேன். கோயிலுக்கு இரும்புக் கேட் அடித்துக் கொடுத்தேன். இப்படிப்பட்ட என்னை என் மனைவி வீட்டார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? "ரப்பர் பிரேக்."

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் பேரன் தன் பெரிய காரை (அது கார் இல்லை, சக்கரம் வைத்த வீடு) வாசலில் நிறுத்தும்போது முன்பக்கம் கிறீச்சென்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்: "முன் பிரேக் தேஞ்சு போச்சுடா."

"ரப்பர் மட்டும் வச்சிடாதீங்க தாத்தா!" என்றான். வீடே சிரித்தது. மறுநாள் கழற்றிப் பார்த்தால் முன் பிரேக்தான். ஒருவராவது மன்னிப்புக் கேட்டார்களா? அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். எனக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக்குக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. சண்டை வந்ததும் அவர் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஜப்பான்காரனுக்காகப் பேர்ப்பட்டியல் எழுத வந்தபோது, "நான்தான் மெக்கானிக்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வீம்புக்குச் சொல்லவில்லை. கைத்தொழில் உள்ளவன் தோட்டத்தில் இருப்பான். மற்றவன் ரயில் பாதை போடச் சயாமுக்குப் போவான். சயாமுக்குப் போனவர்களிடமிருந்து சேதியே வரவில்லை. அந்த ஒரு சொல்தான் என் உயிர்.

தோட்டத்தில் இருந்தது ஒரே லோரி. டிரைவர் கந்தசாமி அண்ணன். ஒருநாள் வந்து, "டேய் மெக்கானிக்கு, பிரேக்கை மிதிச்சா பன்னி கத்துற மாதிரி கத்துது. இடது பக்கமா வேற இழுக்குது" என்றார்.

ஓட்டச் சொல்லிக் கூடவே ஓடினேன். சத்தம் முன்சக்கரத்தில். ஜாக்கி போட்டு டிரம்மைக் கழற்றினேன். டிரம்மைக் கவ்வும் பிரேக் லைனிங் காகிதமாய்த் தேய்ந்து, ரிவெட்டுத் தலைகள் இரும்பை உழுது வைத்திருந்தன. பின் பிரேக் எப்போதோ செத்துவிட்டது. இருந்ததெல்லாம் இந்த முன் பிரேக்தான். கண்டுபிடித்தது சரிதானே? இந்தப் பகுதியை மட்டும் கதை சொல்லும்போது யாரும் சொல்வதே இல்லை!

ஜப்பான் அதிகாரி வந்து இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நாளில் லோரி வேண்டும். தோட்டத்து ஆட்கள் முப்பது பேரை ரெங்கம் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகணும். ஸ்டேஷனிலிருந்து எங்கே என்று எனக்குத் தெரியும்.

"லைனிங் இல்லேன்னு சொல்லிடுவோமாண்ணே?"

"சொல்லு. அப்ப மெக்கானிக் எதுக்குன்னு கேப்பான். முப்பத்தோராவது ஆளா நீயும் ஏறிக்கலாம்லா."

அப்போதுதான் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) வாங்க ஆளில்லாமல், ரப்பரைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைவீட்டில் ரப்பர் ஷீட் கூரைவரை அடுக்கிக் கிடந்தது. காலில் போடும் ரப்பர் சப்பாத்து ஈரத் தரையிலேயே வழுக்காது, இரும்பில் வழுக்குமா? நாலு ஷீட்டை ஒன்றாய் அடித்து, லைனிங் அளவுக்கு வெட்டி, செம்புக் கம்பியால் ரிவெட் அடித்தேன். முற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மிதித்ததும் சுவரில் முட்டிய மாதிரி நின்றது. கந்தசாமி அண்ணனின் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது.

"அலமாக்! நீ சூரன்டா!" என்று அவரே சொன்னார். இதையும் யாரும் சொல்வதில்லை.

மறுநாள் காலை முப்பது பேரும் மூட்டையோடு பின்னால். அதிகாரி டிரைவர் பக்கத்தில். ஒரு சிப்பாய் பின்னால் துப்பாக்கியோடு. "மெக்கானிக்!" என்று அதிகாரி என்னையும் கூப்பிட்டுக் கால்பலகையில் நிற்க வைத்தான். பெருமையாகத்தான் நின்றேன்.

ஆற்றுப்பக்கம் ஒரு நீண்ட இறக்கம். கந்தசாமி அண்ணன் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினார். பாதி வழியில் புகைவீட்டு வாசனை வந்தது. அப்புறம் புகையே வந்தது. ரப்பர் உருகிவிட்டது!

"டேய், கால் உள்ள போவுதுடா!"

"இன்னும் மிதிங்கண்ணே!"

"இதுக்கு மேல மிதிச்சா ரோட்டைத்தான்டா மிதிக்கணும்!"

அதிகாரி ஜப்பானிய மொழியில் எதையோ அலறினான். (வேண்டுதலாகத்தான் இருக்கும்.) கந்தசாமி அண்ணன் லோரியை மரவள்ளித் தோட்டத்துக்குள் திருப்பினார். சேறு இழுத்துப் பிடித்தது, லோரி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உருகிய ரப்பர் ஆறியதும் பிரேக்கையும் டிரம்மையும் பசைபோட்டு ஒட்டிவிட்டது. என்ஜின் உறுமுகிறது, முன்சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது.

"பாகேரோ!" (முட்டாளே என்று அர்த்தம்) என்று அதிகாரி என் இடது கன்னத்தில் ஒன்று விட்டான். அந்தக் காது இன்னும் ரீங்கரிக்கிறது. என்னைச் சக்கரத்துக்கு அடியில் போகச் சொல்லி, மற்ற எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். உறுமிய என்ஜின் கக்கிய கறுப்புப் புகை லோரியை மூடிக்கொண்டிருந்தது. அதிகாரியும் சிப்பாயும் சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்த என்னைத் திட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். "தள்ளு!" என்றான். லோரி அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் தள்ள ஆளே இல்லை. முப்பது பேரும் புகையோடு புகையாய்ப் பால்மரக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஓட முடியாத ஒரு தாத்தாவைக்கூட முதுகில் தூக்கிப் போயிருந்தார்கள்.

அதிகாரி என்னைச் சயாமுக்கு அனுப்பியிருப்பான். ஆனால் அந்த ரப்பரைச் சுரண்டி எடுக்க வேறு ஆள் இல்லை. மூன்று நாள் பால்வெட்டும் கத்தியால் சுரண்டினேன். அதற்குள் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

தப்பியவர்களில் நாலு பேர் ஒருநாள் இருட்டோடு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து, "வேணும்னுதானே லோரியைக் கிழங்குத் தோட்டத்துல விட்டீங்க?" என்று கந்தசாமி அண்ணன் காலில் விழுந்தார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவர் வீரர், நான் ரப்பர் பிரேக். பிறகு அவர் தங்கையையே நான் கட்டிக்கொண்டது என் இரண்டாவது தப்பு. ஐம்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் அவள் எழுந்து நின்று இந்தக் கதையைச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்கு மூளை கூடுகிறது, எனக்குக் குறைகிறது.

இப்போது பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடி நினைவு மலர் போடப் போகிறார்களாம். முதல் பக்கத்தில் கந்தசாமி அண்ணன் படம், "முப்பது உயிரைக் காத்த டிரைவர்" என்று. போடட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் அவர்களைக் காப்பாற்ற நினைக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அந்த ரப்பரை வெட்டினேன். என் வேலை மட்டும் சரியாக இருந்திருந்தால் முப்பது பேரும் சயாமில் முடிந்திருப்பார்கள். இது எனக்குத் தெரியும். ராத்தூக்கம் கெட்டவனும் நான்தான். ஆனால் லோரியைச் சேற்றில் திருப்பியது யார் கை என்று மட்டும் கேட்டால் போதுமா? ஓட விடாமல் பிடித்து வைத்தது யார் ரப்பர்?

மலர்க் குழுவினரே, அவர் படத்துக்குப் பக்கத்தில் "முன் பிரேக் கட்டியவர்" என்று என் பெயரையும் போடுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் பரவாயில்லை. அவர் பெயரைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.