தலைவரை லைனைவிட்டு ஒதுங்கவைத்த விசில்

வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. படித்ததை எல்லாம் அன்றைக்கே இறக்கிவைத்துவிட்டுத்தான் ஓய்வான். நான் ஓய்ந்த கதை இது (ஓயவைத்த கதை என்பார் அப்பா).

வங்காளத்தில், கார்டன் ரீச் பக்கம் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா, தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் லுக்அவுட். மற்றவர்கள் குனிந்து வேலை செய்யும்போது, வண்டி வருகிறதா என்று பார்த்து விசில் ஊத வேண்டும். ஊதினால் அத்தனை பேரும் லைனைவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஏன் என்று நின்று கேட்பவன் அடுத்த கேள்விக்கு இருக்கமாட்டான்.

இதே கேங்மேன் வேலையில் தொடங்கி, யூனியனில் வளர்ந்து, டெல்லியில் எம்.பி.யாக உட்கார்ந்திருந்த தலைவர் ஒருவர் இங்கே வந்தார். காலனித் தமிழர்கள் கூட்டம் போட்டார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வீட்டுக் கூரையும் ஒழுகும். அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். அவருக்கோ அரைமணி நேரம்தான். பிறகு ஹவுராவில் ரயில்.

"நீதான் படிச்சவன். அவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டு, கூரை விஷயத்தை எடுத்துடுடா" என்றார் அப்பா.

நாலு வார்த்தையா? நான் தலைவரின் பிறப்பிலிருந்து தொடங்கினேன். (இல்லை, அவருடைய தாத்தாவிலிருந்து.) பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி, எங்கள் காக்கிமா, "எம்.பி. ஆயிட்டாரா?" என்று அம்மாவிடம் வங்காளத்தில் கேட்டது மேடைவரை கேட்டது.

"எங்க ஆனாரு தீதி, இன்னும் மூணாங்கிளாஸே தாண்டல" என்றாள் அம்மா, அதே வங்காளத்தில்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். (குறட்டை வெளியே கேட்காமலிருக்க அது உதவியது.) அவரை ரயில்வேயில் வேலைக்குச் சேர்ப்பதற்குள்ளேயே நேரம் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. கூரை இன்னும் பல பக்கங்கள் தள்ளி இருந்தது.

அப்போது ஹாலின் கடைசியிலிருந்து ஒரு விசில்.

முன்வரிசை கேங்மேன்கள் டீ டம்ளரோடு எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். தலைவர் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மேடையைவிட்டே இறங்கி ஓரமாக நின்றார். நடுவில் நின்றது நான் ஒருவன்தான், கத்தைக் காகிதத்தோடு.

"யாருப்பா ஊதினது? வண்டி எங்க?" என்றார் தலைவர்.

"மைக்ல ஓடிட்டிருக்குதுங்கய்யா. பிரேக் புடிக்கல" என்றார் அப்பா.

தலைவர் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. "சரி, என்ன விஷயம், சொல்லு."

"கூரை ஒழுகுதுங்க. பக்கெட்டை நடுவுல வெச்சுட்டுச் சுத்திப் படுத்துக்கிறோம்."

அவ்வளவுதான் பேச்சு. தலைவர் அங்கேயே யாருக்கோ போன் போட்டார். ரயிலையும் பிடித்துவிட்டார். அந்த மழைக்கு எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், அப்பாவின் கை விசில் இருக்கும் சட்டைப்பைக்குப் போகும்.

போன தையில் பெஹாலாவில் என் கல்யாணம். நன்றி சொல்ல மைக்கைப் பிடித்து, "எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில்..." என்றேன்.

விசில்.

கேங்மேன்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அவர்களுக்கு முன்பே, புடவையைப் பிடித்துக்கொண்டு, மேடையைவிட்டு இறங்கி நின்றிருந்தாள் மணப்பெண்.