புல்தரையில் பிரிக்கிற பதவி

அறை கூட்டுகிற தும்புத்தடி மூன்றாவது தடவையும் கூரைக் காற்றாடியில் மோதியது. இந்தத் தடவை ஒரு இறக்கை கழன்று கட்டிலில் விழுந்தது.

"பிரமாதம்! அருமையான முயற்சி!" என்றான் கைபேசிக்குள் இருந்த வெள்ளைக்காரன்.

"வாய மூடு" என்றாள் மேனகா.

கதவு அதிர்ந்தது. வீட்டுக்காரி யோசெப்பின் அன்ரி. "புள்ள! விடியக் காலையில உள்ளுக்கு என்னா சத்தம்? பாம்பா?"

"இல்ல அன்ரி, ஒட்டடை அடிக்கிறேன்."

"மெல்ல அடி. அந்த ஃபேன் என்ட கலியாணத்துக்கு வந்தது."

மேனகா இறக்கையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு வீடியோவை மீண்டும் முதலிலிருந்து போட்டாள்.

தலைநகரத்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் தும்புத்தடியோடு மல்லுக்கட்டிய இந்த மேனகா, பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. நான்கு தலைமுறை கொழுந்து பறித்த வீட்டில் பிறந்தவள். கொம்பனித்தெருவில் ஒரு தேயிலைக் கம்பனியில், அந்தக் கொழுந்தைக் கப்பலேற்றும் ஆவணங்களைப் பார்ப்பவள். அவள் கண் படாமல் அங்கே ஒரு காகிதம் நகராது. தை மாதம் உதவி முகாமையாளர் நாற்காலி காலியாகிறது. அதில் உட்காரத் தகுதி தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். உட்காரப்போவது வேறு யாரோ என்றும் தெரியும். ஏனென்றால் அவளுக்கு கோல்ஃப் வராது.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில், தேயிலை வியாபாரிகளின் கோல்ஃப் நாளுக்குக் கம்பனி ஆறு பேரை அனுப்பும். பெரிய முதலாளியே அங்கே வருவார். அவளோடு வேலைசெய்யும் வெள்ளவத்தை ஜனா மூன்று வருடமும் போனான். வெயிலில் கறுத்து, புதுத் தொப்பியோடு திரும்பி, "பெரிய சேரும் வந்தவர்" என்று ஒரு கிழமை முழுக்கக் கதைத்துத் திரிந்தான். மூன்று வருடமும் மேனகா கந்தோர் மேசையில் ஆறு பேரின் வேலையையும் சேர்த்து இழுத்தாள். பதவிகளைப் புல்தரையில் வைத்துத்தான் பிரிக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். தோட்டத்துப் பிள்ளை, அதுவும் பொம்பிளை. புல்லில் கால்வைக்க யார் விடப்போகிறார்கள்?

போன கிழமை சாப்பாட்டு மேசையில் அந்த எரிச்சல் வாய்வழியே வந்துவிட்டது.

"ஏன், நானுந்தான் கோல்ஃப் வெளையாடுவேன்."

ஜனா இடியப்பத்தைப் பாதியில் வைத்தான். "நீரோ? எங்க பழகினனீர்?"

"எங்கயோ பழகினேன். உங்களுக்கென்னா?"

"அப்ப அடிக்கிற வீடியோவை எங்கட ஒஃபிஸ் குரூப்பில போடும், பாப்பம். ஒரு மாசம் இருக்கு."

அதனால்தான் இந்தத் தும்புத்தடி.

அறை சரிவராது என்று அடுத்த நாள் மொட்டைமாடிக்குப் போனாள். பந்துக்குப் பதில் தேசிக்காய், பச்சை எலுமிச்சை. வெள்ளைக்காரன் சொன்னபடி முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, ஓங்கி ஒரு வீச்சு. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தடியில் காய் பட்டது. பட்ட காய் நேராகப் போய், மாடி மூலையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த யோசெப்பின் அன்ரியின் முதுகில் இறங்கியது.

"பிரமாதம்!" என்றது கைபேசி.

"யாரடி அவன், என்ட முதுகு நோவுறது அவனுக்குப் பிரமாதமா?" அன்ரி முதுகைத் தடவியபடி வந்தார். விசயம் முழுவதையும் கேட்டபிறகு, கோபம் பாதியானது. "பைத்தியம். இத ஃபோன்ல பார்த்து யாராவது பழகுவாங்களா? எங்கட மருமகன் ஹெக்டர் லொறி ஓட்ட முந்தி கோல்ஃப் திடலில தான் பை தூக்கினவன். அவன்கிட்டப் போ. என்ட வீட்டுக்குள்ள இனி ஒரு தடியும் தூக்கப்படாது."

ஒருகொடவத்தையில் கப்பல் கொள்கலன்கள் அடுக்கிய முற்றம்தான் ஹெக்டரின் பள்ளிக்கூடம். அவன் கையில் பழைய கோல்ஃப் மட்டை ஒன்று. மேனகா நின்ற நிலையைப் பார்த்ததும் அவன் நெற்றி சுருங்கியது.

"நீ இடக்கையா?"

"இல்லையே. வலக்கை."

"அப்ப என்னாத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற?"

"அவன் அப்படித்தானே நிக்கிறான்." வீடியோவைக் காட்டினாள்.

ஹெக்டர் அவளுக்கு நேரெதிரே வந்து நின்றான். "நான் வலது கையத் தூக்குறேன். நீயும் அதே கையத் தூக்கு."

மேனகா பட்டென்று இடது கையைத் தூக்கினாள்.

ஹெக்டர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒரு கிழமையாக அவள் திரையைக் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்து, இடம் வலமாகப் பழகியிருக்கிறாள்.

இதற்குப் பிறகுதான் பாடு. மனசு ஹெக்டர் சொன்னதைக் கேட்டது, உடம்பு வெள்ளைக்காரன் சொன்னதைக் கேட்டது, பந்து இருவர் சொன்னதையும் கேட்கவில்லை. கொள்கலனில் டங்கென்று மோதித் திரும்பிவந்து ஹெக்டரின் சோற்றுப் பார்சலுக்குள் விழுந்தது.

"வீடியோவுல இடுப்புத்தான் மொதல்ல திரும்பணும்னு சொன்னான்..."

"அவன் நீ அடிக்கிறதப் பார்த்தானா? நான் பார்க்கிறேன், என்ட தலையெழுத்து! தலையத் தூக்காத! மட்டைய என்ன, உலக்கை மாதிரிப் புடிச்சிருக்க?"

தூரத்திலிருந்தவன் எதற்கும் கோபப்படவில்லை. பக்கத்திலிருந்தவன் எதையும் புகழவில்லை. மேனகா இரண்டு பேரையும் விடவில்லை. மாலையில் திட்டு வாங்கினாள், வீட்டுக்கு வந்து "பிரமாதம்" கேட்டு ஆறிக்கொண்டாள்.

ஆனால் வெளிச்சத்தோடு ஒருகொடவத்தைக்குப் போய்ச்சேர வேண்டுமென்றால் நான்கு மணிக்கே கந்தோரைவிட்டு இறங்கவேண்டும். அதற்குப் புதிதாக வந்திருந்த ரூபிகாவைப் பிடித்தாள்.

"அக்கா, இந்த ஆவணமெல்லாம் செய்யிறதுக்கு ஏதும் வீடியோ இருக்கோ?"

"வீடியோவுல இதெல்லாம் வெளங்காது. நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு பக்கத்துல உக்காரு."

ஹெக்டரிடம் வாங்கிய திட்டை அப்படியே ரூபிகாவுக்குக் கொடுத்தாள். பிள்ளை கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. முதலில் துபாய்க் காகிதங்கள், பிறகு ஹம்பர்க். நான்கு மணி மூன்றானது. கடைசிக் கிழமை, முதுகு பிடித்துக்கொண்டதென்று இரண்டு நாள் வரவேயில்லை. அது பொய்யுமல்ல.

இருபத்தாறாம் நாள், எப்படியென்று கடவுளுக்கே வெளிச்சம், பந்து மட்டையின் நடுவில் பட்டு, கொள்கலன்களைத் தாண்டி, கொக்கு மாதிரி எழும்பிப் போனது. ஹெக்டர் அதை வீடியோ எடுத்திருந்தான்.

"எப்படி இருந்திச்சி?"

"ம்" என்றான் ஹெக்டர். மேனகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடியோ குரூப்பில் விழுந்தது. மறுநாள் பட்டியல் வந்தது. ஆறாவது பெயர் அவளுடையது. நம்பமுடியாமல் தன் முகாமையாளர் கிருபாகரன் சேரின் அறைக்கே போனாள்.

"சேர், அன்னைக்கி நான் இல்லாட்டி ஹம்பர்க் காகிதம்..."

"அதை ரூபிகா பாத்துக்கொள்ளுவா, பிள்ளை. நீர் போய் வடிவா விளையாடும்."

நான்கு தலைமுறைக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு அறையைவிட்டு வந்தாள். வீட்டில் யோசெப்பின் அன்ரி தொதல் இனிப்பு வாங்கிவைத்திருந்தார். காற்றாடி இறக்கை விசயத்தை அந்தச் சந்தோசத்தோடு சந்தோசமாக மேனகா ஒப்புக்கொண்டாள்.

கோல்ஃப் நாளன்று கம்பனி வேன் ஆறு பேரையும் திடலில் இறக்கியது. பெரிய முதலாளி வந்தார். எல்லோருக்கும் தொப்பி கொடுத்தார், நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார், காரில் ஏறினார், போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் நேராகச் சாப்பாட்டு மேசையைத் தேடிப்போனார்கள். ஜனா ஒரு தட்டு ரோல்ஸோடு மரநிழலில் கண்ணை மூடிக்கொண்டான்.

மேனகா கந்தோருக்கு ஃபோன் போட்டாள்.

"ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்றாள் ரூபிகா. "எல்லாம் அனுப்பியாச்சு. நீங்க ஆறுதலா வாங்கோ."

மேனகா பந்தை வைத்தாள். தலையைத் தூக்கவில்லை. வீசினாள். பந்து அழகாகப் பறந்தது. கைதட்டியது ஒரே ஒருவர், வேன் சாரதி ஸாலிஹ் நானா.

"மாஷா அல்லாஹ்! இங்க வந்து பந்த அடிச்ச மொத ஆள் நீங்க தான் மிஸ்."

"பெரிய சேர் திரும்பி வருவாரா நானா?"

"அவரா? ஃபோட்டோவோட சரி."

"அப்ப... பதவி கிதவியப் பத்தி இங்க யாரும் பேசுறதில்லயா?"

"இங்கயா?" ஸாலிஹ் நானா சிரித்தார். "இங்க பேசுறது சாப்பாட்டப் பத்தி மட்டுந்தான்."

மேனகா மட்டையை ஊன்றிக்கொண்டாள். "பின்ன மூணு வருசமா என் பேர மட்டும் ஏன் நானா எழுதல?"

"எழுதினாங்களே மிஸ், வேனுக்கு ஆள் லிஸ்ட் என்ட கைல தானே வாறது! ஜனா தம்பி வருசா வருசம் ஒங்கட பேரயும் எழுதித் தான் குடுக்கிறது, 'அந்தப் புள்ள ஒரு நாள் இல்லாட்டி ஆபீஸ் நின்டு போகும், இல்லாட்டியும் பரவாயில்லங்கிற ஆளுகளாப் பார்த்து எழுது'ன்னு செல்லி கிருபாகரன் சேர் தான் வெட்டுவார்; இந்த வருசம் தான் வெட்டல்ல."