மோப்பம் அண்ணன் நடை மாறிய காலம்

நீலகிரி மலையில் மேகத்தின் மேலேயே சந்தேகப்பட்ட ஒரே ஆள் எங்கள் மோப்பம் அண்ணன்தான். வெயில் அடித்தால், "எதுக்கு இத்தனை வெயிலு? ஏதோ இருக்குது" என்பார். மழை பெய்தால் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டி, "இது நம்ம மழை இல்லீங்க, கேரளாக்காரன் மழை" என்பார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரி. நான் அங்கே கிளார்க். அண்ணன் டீமேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியே போகும் வரை அவர் பொறுப்பு. அரைத்த இலையை அள்ளி மூக்கில் வைத்துத்தான் பதம் பார்ப்பார். அந்தப் பழக்கம் முற்றிப்போய், கேன்டீன் போண்டா, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எதையும் மோந்து பார்க்காமல் வாங்க மாட்டார். ஒருமுறை மேனேஜர் கை குலுக்க வந்தபோது, பிடித்த கையை விடாமல் லேசாகக் குனிந்தார். மேனேஜர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். அவருடைய நிஜப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கொழுந்து விற்ற பணம் பறிகூலிக்கே பற்றாமல், பல தோட்டங்களில் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நின்றன. எங்கள் ஃபேக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. ஓடாத நாட்களில் அண்ணன் வீட்டில் இருந்தார். அவர் மனைவி பார்வதியக்காவுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை. காலையில் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அண்ணன் வாசலில் நின்று வழியனுப்பினார். கல்யாணம் ஆனதிலிருந்து வழியனுப்பப்பட்டே பழகியவருக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போனார். திரும்பி வந்தவரின் நடையே வேறாக இருந்தது. கால்களை அகட்டி, நிரம்பிய குடத்தை இடுப்புக்குக் கீழே கட்டியவர் மாதிரி மெதுவாக நடந்தார். தொளதொள பேன்ட்டுக்கு மாறினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஸ்கூட்டரில் பின்னால் ஏறச் சொன்னால், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றார்.

ஃபேக்டரி முழுக்கச் சந்தேகம் கிளம்பியது. மூலம் என்றார் லாரி டிரைவர். வாட்ச்மேனுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். அவர் பட்டாளத்தில் இருந்து ரிட்டயரானவர். அந்தச் சமயம் பார்த்து மூட்டை கட்டும் இடத்தில் தூள் குறைந்துகொண்டே போனது. ஒரு சாயங்காலம் கேட்டில் அண்ணனை மறித்தார்.

"ஏனுங்கண்ணா, பேன்ட்டுக்குள்ள என்னங்க?"

"காலு."

"நடுவுல?"

அண்ணன் முகம் செத்துப்போனது. "என்ற மேல சந்தேகமா? என்ற மேலயா?" ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்கு, தன்னையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்று தோன்றியதே இல்லை. தடவிப் பார்க்க விடமாட்டேன் என்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விஷயம் மேனேஜர் வரை போனது. காரணம் சொல்லட்டும், இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். சுற்றிலும் ஃபேக்டரிகள் மூடிக்கொண்டிருந்தன. வெளியே போனால் வேறு வேலை கிடையாது.

விசாரித்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

அண்ணன் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். கொழுந்தைப் பரப்பி வாடவைக்கிற இடம். யாரும் ஒட்டுக் கேட்டுவிடக் கூடாது என்று பெரிய ஃபேனைப் போட்டார். அது லாரி மாதிரி இரைந்தது. அவர் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னங்கண்ணா?"

"ஊசி!"

"எங்கே?"

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார். "பெருசாக்கறதுக்கு ஊசி போட்டுக்கிட்டேன் தம்பி! ஆம்பளைச் சமாச்சாரத்துல!"

அவர் ஆரம்பித்தபோது ஓடிக்கொண்டிருந்த ஃபேன், முடித்தபோது ஓடவில்லை. கரண்ட் போயிருந்தது. கடைசி வார்த்தை தகரக் கூரையெல்லாம் எதிரொலித்து அடங்கியது. கீழே யாரோ ஒருவர் இருமினார்.

அந்த இருமல் யாருடையது என்று அண்ணன் அதன்பிறகு வெகுநாள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்கண்ணா இந்த வேலை?" என்றேன் மெதுவாக.

"ஊட்டுல சும்மா உக்காந்தா கண்டதும் தோணுது தம்பி. வேலை கொறைஞ்சுபோச்சு. சம்பளம் கொறைஞ்சுபோச்சு. அப்பறம் பாத்தா எல்லாமே கொறைஞ்ச மாதிரியே இருந்துச்சு."

"அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமே சொல்லலை. அதான் சந்தேகமே."

பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் போயிருக்கிறார். ஏதோ ஜெல்லை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பருமன் கூடியது உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திரண்டு நின்றது. வலி இல்லை, நிம்மதியும் இல்லை.

"அவ பாத்துப்போட்டா. என்னமோ கட்டின்னு நெனைச்சுட்டா. எங்கிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டுத் தினமும் மாரியம்மன் கோயிலுக்குப் போறா, சரியாச் சாப்பிடறதில்லை. நான் வேற, இவ எதுக்குச் சாப்பிட மாட்டேங்கறான்னு சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். நேத்துத்தான் அழுதுட்டே சொல்றா, ஏனுங்க, எந்த வியாதியா இருந்தாலும் பாத்துக்கலாம், மறைக்காதீங்கன்னு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்துப்போடலாம்னு முடிவு பண்ணிட்டேன் தம்பி. தனியாப் போகத்தான் பயமா இருக்குது."

"மொதல்ல அக்காகிட்டச் சொல்லுங்க."

"சொன்னாச் சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. அழுதுட்டு இருக்கறதுக்கு அது தேவலைங்களே."

மேனேஜரிடம் போய், "சார், அவர் பேன்ட்டுக்குள்ள இருக்கறது பூராவும் அவரோடதுதான். கம்பெனிக்கு அதுல பங்கில்லை" என்றேன். அவர் அவசரமாக ஒரு ஃபைலைத் திறந்துகொண்டு, அண்ணனை வழக்கம்போல் வேலைக்கு வரச் சொன்னார். மூட்டைகளில் எலி போட்ட ஓட்டைகள் வழியாகத் தூள் போனது பின்னால் தெரிந்தது.

மறுநாள் துணைக்குப் போக நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, அண்ணனோடு பார்வதியக்காவும் நின்றார். "தனியா அனுப்பினா இன்னும் எதையாச்சும் ஏத்திட்டு வந்துருவாரு தம்பி" என்றார். அழுத முகம்தான், ஆனால் தெளிந்திருந்தது.

ஊசி போட்ட இடத்துக்கே போகலாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டவனே எடுத்தா, எடுத்தானா இல்லையான்னு யாருங்க பாக்கறது?" அதனால் வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. சில வகை ஜெல்லைக் கரைக்க முடியாது, இந்த வகைக்கு மாற்று ஊசி இருக்கிறது, கரைந்துவிடும் என்று விளக்கினார். ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கையில் சோதித்தும் பார்த்தார்.

அண்ணனுக்குத் திருப்தி இல்லை. "டாக்டருங்க, கரையறது அதோட நின்னுக்குங்களா?"

"புரியலையே."

"இல்லீங்க, ஏத்தினது மட்டும் கரையுமா? இல்லை, பொறந்தப்ப இருந்து இருக்கறதும் சேந்து கரைஞ்சிருமா?"

பார்வதியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "உங்களோடது உங்களுக்கே இருக்கும். பயப்படாதீங்க" என்றார். அண்ணன் மருந்துக் குப்பியை வாங்கி மோந்து பார்த்து, "வாசமே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். இருவரும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். அதுவரை சிரித்துக்கொண்டு வந்த அக்கா, மலை ஏற ஆரம்பித்ததும் திடீரென்று கேட்டார்.

"நான் எப்பவாச்சும் கேட்டனா?"

"கேக்கலை."

"கொறை சொன்னனா?"

"சொல்லலை."

"அப்பறம்?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க ஊட்டுல இருக்கற நாள்ல, நான் வேலை முடிச்சு வந்தா சுடுசோறு இருக்குது. நாள் பூராவும் ஊரு புள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு வர்றவளுக்கு ஒருத்தரு சோறு போட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? கம்பெனி நிரந்தரமா மூடினாலும் பரவால்லைன்னு கூட நெனைச்சிருக்கறனுங்க, சாமி மன்னிக்கட்டும்."

ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது அண்ணன் அக்காவின் மடியில் இருந்த பையைப் பிடித்தார். வளைவு முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் வெளியே பாக்குமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில நாளில் வீக்கம் வடிந்து, பழையபடி நடந்தார். தேயிலை விலைதான் பழையபடி நிமிரவில்லை. ஃபேக்டரி மூடி, அக்காவும் சத்துணவு வேலையில் ரிட்டயரானதும் இருவரும் அன்னூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்னூரில் எனக்கு எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் மாதம் ஒருமுறை போய் அண்ணன் கையால் ஒருவாய் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.