இரண்டு கடைக் கப்ளர்

மலையடிவாரத்து அவசர உதவி அலுவலகத்தில் ஒரு ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். பாறை, சேறு, மணல் எதற்கும் அஞ்சாது. தண்ணீருக்கு மட்டும் அஞ்சும். போன மழையில் காட்டாற்றின் நடுவே நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்தபோது, ஒயரோடு ஒயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கப்ளர்களில் எல்லாம் தண்ணீர் குடியேறியிருந்தது. ஆகவே ஒயரிங் முழுவதையும் மாற்றுவதென்று அலுவலகம் முடிவு செய்தது. அதாவது, முடிவு செய்வதற்கு ஒரு குழு அமைத்தது.

டிரைவருக்கு இதில் உயிர் போகும் அக்கறை. ஒரே மகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்கு இது நிறைமாதம். மழை பிடித்துவிட்டால் ஆற்றைக் கடக்க அந்த ஜீப்பை விட்டால் வேறு கதியில்லை. முன்கூட்டியே வந்துவிடம்மா என்று சொல்லிப் பார்த்தார். அப்பா ஜீப் இருக்கும்போது எனக்கென்ன என்று பெருமை பேசிக்கொண்டு அவள் அங்கேயே இருந்தாள்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு டிரைவரையும் ஒயர்மேனையும் அழைத்துக் கதவோரம் நிறுத்தினார்கள். பேசப்போவது காட்டுப்பாதை வண்டி என்பதால், அதிகாரிகள் எல்லாரும் பத்துப் பை வைத்த சட்டையும் முழங்கால் உயர பூட்ஸும் அணிந்து, மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் வந்து சேர்ந்தார்கள். தலைவரின் கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. எதிர்ச்சுவர் வரை அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

கப்ளர் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்க வேண்டும், ஒயர்கள் பானெட்டுக்கு வெளியே தெரிய ஓட வேண்டும், இப்போது அதுதான் நடப்பு என்று அவர் தொடங்கி வைத்தார்.

“வெளியில ஓடினா மழையில நனையுமே சார்” என்றார் டிரைவர்.

“நனையாம வச்சுட்டா, தண்ணி புகாத கப்ளர் எதுக்குப்பா வாங்கணும்?”

ஒயர்மேன் தன் பையிலிருந்து மாதிரிக்கு ஒரு ஜோடியை எடுத்தான். உள்ளே ரப்பர் வளையம் போட்டது. ஊசி வைத்த ஆண் பாதியையும் துளை வைத்த பெண் பாதியையும் சேர்த்து அழுத்தினான். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது.

தணிக்கை அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டையும் எங்க வாங்கின?”

“ஒரே கடைதான் சார்.”

“அதானே பார்த்தேன். முன்பின் தெரியாத ரெண்டு பொருள் இப்படிப் பொருந்துமா? முன்னாடியே பேசி வச்சிருக்காங்க.”

மேற்படி கப்ளரின் ஆண் பாதியை ஒரு கடையிலும், பெண் பாதியைப் பிறிதொரு கடையிலும் கொள்முதல் செய்வதென்றும், இரு கடைக்காரர்களும் தங்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது என்று உறுதிமொழி தரவேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

சாமான் வந்தது. ஆண் பாதிக்கு ஆறு தட்டை ஊசி. பெண் பாதிக்கு நான்கு வட்டத் துளை.

“மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் மூஞ்சி கொடுத்தே பேசலையேண்ணே” என்றான் ஒயர்மேன்.

தரச் சோதனை தலைவரின் அறையில் நடந்தது. இரண்டு பாதிகளையும் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் மூழ்க வைத்தார்கள். தண்ணீர் புகவில்லை. மின்சாரமும் புகவில்லை, ஆனால் அது சோதனையில் சேராது. ஜீப்பின் பழைய ஒயரிங்கைப் பிடுங்கிப் புதியதைக் கட்டினார்கள்.

மேகம் கருத்துக்கொண்டு வந்தது. டிரைவர் தலைவரின் அறைக்கு ஓடினார்.

“சார், ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது.”

“சந்தோஷப்படுய்யா. ஊழல் இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?”

இருந்தாலும் தலைவர் இளகிய மனம் படைத்தவர். இரு பாதிக்கும் நடுவே ஓர் இடைக் கப்ளர் போட அனுமதித்தார். அதற்கும் இரண்டு முனை உண்டு. முனைக்கொரு கடையில் வாங்கினார்கள். அதுவும் சேராததால் இடைக்கும் இடையே இன்னொன்று. கடைசியில் ஜீப்பின் முகத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால் தரை வரைக்கும் தொங்கியது. அதன் பக்கத்தில் நின்று குழுவினர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

படம் எடுத்த மதியமே மழை கொட்டியது. மருமகன் போனில் அழைத்தான்.

“மாமா, வலி எடுத்துடுச்சு.”

டிரைவர் யாரையும் கேட்கவில்லை. அவரும் ஒயர்மேனும் வாலை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரையும் ஒயரையும் முறுக்கி, ஒரு சுருள் டேப் தீரும்வரை இறுக்கிச் சுற்றினார்கள். ஜீப் உறுமியது. சீட் வரைக்கும் தண்ணீர் ஏறியும் அது நிற்கவில்லை. திரும்பி வரும்போது மகள் பின்னால் படுத்தபடி, “நீங்க ஓட்டுறப்ப பயமே இல்லப்பா” என்றாள். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான்.

மறுவாரம் விசாரணை. எந்த அதிகாரத்தில் ஒயர்களைப் பொருந்த வைத்தீர் என்று கேட்டார்கள். டிரைவர் வேலை போய்விட்டது என்றே நினைத்தார். ஆனால் ஜீப் ஆற்றைக் கடந்த செய்தி மேலிடத்துக்கு எட்டி, தலைவருக்குப் பாராட்டு வந்திருந்தது. ஆகவே டேப் சுற்றிய இணைப்புகளை ஜீப்பிலிருந்து பத்திரமாக வெட்டியெடுத்து, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். டிரைவர் குழுவின் அனுபவ உறுப்பினர் ஆனார். அவருக்கும் பத்துப் பை சட்டை ஒன்று கிடைத்தது. கண்ணாடி முன் அவர் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த கூட்டத்தில் இனி கப்ளரே வேண்டாம், டேப்தான் என்று முடிவாயிற்று. தணிக்கை அதிகாரி ஒரு சுருளைப் பிரித்து இழுத்துப் பார்த்தார்.

“நாடாவும் பசையும் இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கே. ஒரே கடையா?”

எல்லாரும் அனுபவ உறுப்பினரைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற ஒயர்மேனும் பார்த்தான். டிரைவர் தொண்டையைச் செருமினார்.

“தனித்தனியாவே வாங்கிடலாம் சார்.”

வெளியே வந்ததும் ஒயர்மேன் கேட்டான்.

“உங்களுக்குத் தெரியாதாண்ணே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்ப்பா. பொண்ணுதான் இப்ப இக்கரைக்கு வந்துட்டாளே.”

வாசலில் ஒருவர் தொப்பலாக நனைந்து நின்றார். அம்மாவுக்கு மூச்சு விடவே முடியவில்லை என்று, கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடந்து வந்தவர். ஜீப் எப்போது வரும் என்று கேட்டார்.

டிரைவர் ஏழாவது பையின் பட்டனைப் போட்டுக்கொண்டே கனிவாகச் சொன்னார்.

“நாடா வந்தாச்சுங்க. பசை மட்டும்தான் வரணும்.”

வந்தவரின் முகம் தெளிந்தது.

“பாதி வந்தாச்சா? எங்க ஊர்ல போய்ச் சொல்லிடறேங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஆற்றை நோக்கி வேகமாக நடந்தார்.