கண்ணை மூடி உப்பு நக்குபவர்

மனிதர்களில் ருசிமேதை என்று ஓர் இனம் உண்டு. யாங்சி ஆற்றங்கரையில் எங்கள் ஷாஷி நகரில் அது அமோகமாக விளைகிறது. நாமெல்லாம் சாப்பிட வாய் திறப்போம். இவர்கள் தீர்ப்புச் சொல்லத் திறப்பார்கள். கோங் பெய்லினையே பாருங்களேன். விருந்தில் உட்காருவார், சாப்பிடும் குச்சியின் நுனியால் உப்பைத் தொடுவார், நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், மூடிய கண்ணுக்குள்ளேயே மாகாணம் மாகாணமாகச் சுற்றிவிட்டு வந்து, "ம்ஹ்ம்" என்பார். அதுவரை பந்தியில் ஒருவரும் மெல்லக் கூடாது.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? சக்கரவர்த்தியின் ஆட்சியில் எந்த ஊர் எந்த உப்பைத் தின்ன வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. எங்களுக்கு விதித்தது கிழக்கே ஹுவாய் கடற்கரை உப்பு. படகு மாறி, சாவடி மாறி, கை மாறி எங்களிடம் வந்து சேரும்போது அது பாதி உப்பு, பாதி மணல். மேற்கே சிச்சுவான் கிணற்று உப்போ பளீரென்று வெள்ளை, விலை மலிவு, தின்றால் நூறு பிரம்படி. ஆகவே ஊரே சிச்சுவான் உப்பைத் தின்றுவிட்டு ஹுவாய் உப்பைப் புகழும். நாகரிகம் என்றால் வேறென்ன?

ஊறுகாய்க் கடை தாவோவின் மகள் பிறந்து ஒரு மாதம் நிறைந்த விருந்து. சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகள், தொட்டுக்கொள்ள உப்பு. கோங்குக்குப் பக்கத்தில் உப்புச் சாவடி அதிகாரி லூ. நான்காவது முட்டையில் இருந்தார்.

கோங் தொட்டார். மூடினார். சுற்றினார்.

"ம்ஹ்ம்! சிச்சுவான் கிணறு! ஆழக் கிணறு, மூங்கில் குழாய்ல இறைச்சது. எந்தக் கிணறுன்னு சொல்லட்டுமா?"

தாவோ உப்பை விட வெளுத்துப் போனார். கடை, முதுகுத் தோல், மகளின் எதிர்காலம் எல்லாம் அந்த நாக்கு நுனியில் தொங்கின.

அதிகாரி முட்டையைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க?"

தாவோவின் மனைவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு தேனொழுகக் கேட்டாள்: "கோங் அண்ணே, அந்த உப்பு ருசி உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கெல்லாம் தெரியாதே! எத்தனை வருஷமாத் தின்னுறீங்க?"

அதிகாரியின் பார்வை தாவோவை விட்டுக் கோங்கின் வாய்க்கு மாறியது.

"நானா? இருங்க, இருங்க... அவசரப்பட்டுட்டேன் போலிருக்கு." கோங் மறுபடி உப்பைத் தொட்டார், தொடும் சாக்கில் ஒரு துண்டு முட்டை ஓட்டையும் வாய்க்குள் தள்ளினார்.

நறுக். நறநற.

"மணல்! கேட்டுச்சா? அசல் ஹுவாய் உப்பு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் அதிகாரி. தின்ற வாய்க்கும் நூறு பிரம்படி என்பது நான்கு முட்டைக்குப் பிறகு அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஐந்தாவதை உரித்தார்.

கோங் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரமே தேநீர்க் கடையில் கண்ணை மூடியபடி, தண்ணீர் எந்த ஊற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு இன்னும் சட்டம் வரவில்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். போன விருந்தில் முதல் கவளம் வாய்க்குள் போனதும் நீங்கள் கண்ணை மூடினீர்களே, அது தூக்கம்தானே? இல்லையென்றால், அடுத்த விருந்துக்குப் புறப்படும் முன் ஒரு துண்டு முட்டை ஓட்டை மடியில் முடிந்துகொள்ளுங்கள்.